மூக்கர் முகர்ந்த நாலாவது கார்

சாம்பல் நிறக் காரின் நாலு கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே, ஓட்டுகிற இருக்கையில், மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மூன்று பேர் பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போல நின்றார்கள். காரை விற்கும் பல் டாக்டரம்மா, வாங்க வந்திருந்த மூக்கரின் தங்கை, தங்கையின் கணவர். ஐந்து நிமிடம் யாரும் கதவைத் தொடக் கூடாது, காரில் சாயக் கூடாது, பேசக் கூடாது. இது மூக்கர் போட்ட சட்டம். பாராளுமன்றம் போட்ட சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு வந்தது.

உள்ளே மூக்கர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று இழுத்தார். அப்போதும் இல்லை. கார் அவ்வளவு சுத்தம் என்று அர்த்தமில்லை. நாலு மாதமாக அவருக்கு எந்த வாடையும் தெரியவில்லை. இந்த உலகத்தில் அது தெரிந்த இன்னொரு ஆள் அவருடைய மனைவி மட்டும்தான்.

மூக்கர் பெட்ரோல் பங்க்கில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். முதல் பத்து வருடம் குழாய் பிடித்தார். பிறகு காற்று, ஆயில், தண்ணீர் பார்க்கிற மூலைக்கு மாற்றினார்கள். ஒருவர் காரை விற்கப் போகிறார் என்பதை அந்த மூலையில் நின்றபடியே சொல்லிவிடுவார். பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத சக்கரத்துக்குள் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கிற மனிதன் வேறு எதற்காகத் தேய்க்கிறான்?

ஒரு நாள், புதிதாக வாங்கிய பழைய காரோடு ஆயில் பார்க்க வந்த ஒருவரிடம், "இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி சார், ஈரத்துணி மூட்டை வாடை வருது" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் காருக்குள் ஒயர் எல்லாம் பச்சை பூத்து, ஹார்ன் அடித்தால் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து பழைய கார் வாங்குகிறவர்கள் பேரம் பேச மச்சானையும், மோந்து பார்க்க மூக்கரையும் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள்.

அவருக்கென்று ஓர் அகராதி இருந்தது. ஜாம் மாதிரி இனிப்பான வாடை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே எங்கோ கசிகிறது. ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. கருகிய வாடை என்றால் கிளட்ச்சின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டியவர் கார். கண்ணாடியில் மூன்று வாசனைப் புட்டி தொங்கினால் எதையும் மோந்து பார்க்கவே வேண்டாம், இறங்கி நடையைக் கட்டலாம். தீர்ப்பும் ஒரே சொல்தான். எடு, விடு, யோசி. 'யோசி' என்றால் விலையைக் குறைத்துக் கேள் என்று பொருள்.

அந்த மூக்கைத்தான் ஒரு வாரக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. காய்ச்சல் விட்டு நாலாம் நாள், அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமும் கருகியது. மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"தெருக்கோடி வரைக்கும் தீயிற வாடை வருது, நீங்க உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கீங்க! ஊருக்கெல்லாம் மோந்து சொல்றவருக்கு வீட்டு அடுப்பு தெரியலையாக்கும்?"

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெங்காயத்தை நறுக்கி மூக்கடியில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாடை வரவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், அவர் கழற்றிப் போட்ட காலுறை, எதற்கும் பலனில்லை. காலுறை வேலை செய்யாதபோது மனைவிக்கே பயம் வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாத. வந்துரும்" என்றார் மூக்கர். பெட்ரோல் வாடை தெரியாத ஆளைப் பங்க்கில் நிறுத்த மானேஜர் ஒப்ப மாட்டார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. மூக்கு போன மூக்கரை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்?

வரவில்லை. ஆனால் கூப்பிட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் காருக்கும் ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து, கூரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "விடு." வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, வாங்காத கார் நடுவழியில் நிற்கப் போவதுமில்லை. இதனால் அவர் புகழ் குறையும் என்று நினைத்தால் நமக்கு மனிதர்களைத் தெரியவில்லை என்று அர்த்தம். "அவர் மூக்குக்கு லேசுல எதுவும் தேறாதுப்பா" என்று கூட்டம் இரண்டு மடங்கானது. எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறவனுக்கு நிபுணன் என்று பெயர் வைக்கிற வழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டுதானே?

ஒரே ஓர் இடத்தில் அந்த 'விடு' வலித்தது. தங்கையின் கணவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் மேட்டு உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போகும்போது எப்படியோ போய்விடுவார். திரும்பும்போது நிற்கத் தெம்பு இருக்காது, உட்கார இடமும் இருக்காது. தங்கை நாற்பத்து நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கார்தான் வரவில்லை. அண்ணன் மூன்று கார்களை முகர்ந்தார். மூன்றையும் விடச் சொன்னார். போன வாரம் பஸ் பிரேக் போட்டதில் கணவர் விழுந்து, புருவத்தில் நாலு தையல்.

அவர் வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "மச்சான், எனக்குக் கார் முதல்ல வருமா, பெட்டி முதல்ல வருமா? ஏன்னா பெட்டியையும் நீங்கதான் மோந்து பாத்து வாங்கணும்" என்றார்.

இன்று காலை தங்கை சிரிக்காமல் சொன்னாள். "அண்ணா, இதையும் விடுன்னு சொல்லு. அப்புறம் உன்னை விட்டுட்டு, கண்ணுல படுற முதல் காரை நானே வாங்கிக்கிறேன்."

அந்த ஐந்து நிமிடத்தில் மூக்கர் காருக்குள் யோசித்தது இதைத்தான். 'விடு' என்றால் அவள் எதையாவது வாங்கிவிடுவாள். 'எடு' என்றால் மேட்டுப்பாதையில் இரண்டு உயிருக்கு அவர் பொறுப்பு. உண்மையைச் சொல்லலாம் என்று மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை அவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

இறங்கி, பல வருஷம் கழித்து, கையாலும் கண்ணாலும் காரைப் பார்த்தார். பானட்டைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது. நாம் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடேற்றி வைக்கவில்லை என்றால் விற்பவர் மேல் பாதி நம்பிக்கை வைக்கலாம். சாவியைத் திருப்பச் சொன்னார், முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார், வெள்ளை நுரை இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவுகிறவர்கள் அதைக் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். இதில் இல்லை. ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பள்ளத்தைத் தடவினார், துரு இல்லை. டயர்கள் நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானமும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரும் ஒரே கதையைச் சொல்லின.

"என்னண்ணா புதுசா இதெல்லாம் பண்ற? எப்பவும் மோந்துட்டு இறங்கிடுவியே" என்றாள் தங்கை.

"உனக்குன்னா கூட ரெண்டு தடவை பாக்க வேண்டாமா?" என்றார். காதுமடல் சிவந்தது.

பெட்ரோல் முள் கால் டேங்க்குக்குக் கீழே நின்றது. "எப்பவும் இவ்வளவுதான் போடுவீங்களா டாக்டரம்மா?"

"ஆமாங்க. கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தானே, அஞ்சு நிமிஷம். எதுக்கு டேங்க்கை ரொப்பணும்?"

கால் டேங்க் கார் கால் உண்மைதான் சொல்லும் என்பது மூக்கரின் பழைய பாடம். முழு டேங்க்கோடு மேடு ஏற்றிப் பார்க்காமல் எந்தக் காரையும் வாங்கக் கூடாது. காரைத் தன் பங்க்குக்கே விடச் சொன்னார். சீருடையோடு வந்திருந்ததால் தானே குழாயைப் பிடித்தார். 'டக்' என்று தானாக நின்றதும் எடுத்தார், அதற்கு மேல் ஒரு சொட்டும் திணிக்கவில்லை. பிறகு தங்கை ஓட்ட, மூக்கர் பக்கத்தில் உட்கார, பின்னால் தங்கையின் கணவரும் டாக்டரம்மாவும் ஏற, கார் ஆஸ்பத்திரி மேட்டைப் பார்த்துக் கிளம்பியது.

இங்கே வாசகருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், காரில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனாலும். பெட்ரோல் ஊற்றுகிற வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. இந்தக் காரில் அது வெடிப்பு விட்டிருந்தது. கால் டேங்க் இருக்கும்வரை பெட்ரோல் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை, அதனால் டாக்டரம்மாவுக்கே அது தெரியாது. இப்போது டேங்க் நிறைந்திருந்தது. மேடு ஏறும்போது பெட்ரோல் முழுவதும் பின்பக்கம் சாய்ந்தது. வெடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக, பின்சக்கரத்துக்கு மேலே, இறங்க ஆரம்பித்தது; வெடிப்பு அகன்றுவிட்டதால் பிறகு நிற்கவும் இல்லை.

வாடை காருக்குள் வந்தது. மூன்று பேருக்கும் தெரிந்தது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு அவர்களே சொல்வார்கள்.

முன்சீட்டில் மூக்கர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது கியரில் திணறல் இல்லை. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேரானது. சூடு முள் நடுவிலேயே நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் காரைத் திருப்பியதும், நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"எடு."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். தங்கை, "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான். பின்சீட்டிலிருந்து, எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மாப்பிள்ளையிடமிருந்தும் சத்தம் இல்லை.

இறக்கத்தில் பாதித் தூரத்தில், ஏறும்போது நிற்காமல் கடந்து வந்த சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தை மறித்து, சிவப்புக் கொடி பிடித்த ஆள் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டான். முன்னால் ஒரு மணல் லாரி. லாரிக்கு இடதுபுறம், சாலையோரம், தார் டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. புழுதி சுருண்டு சுருண்டு வந்தது.

அந்தப் புழுதியில்தான் மூக்கர் அதைக் கவனித்தார். தங்கையின் கண்ணாடி முழுவதும் இறங்கியிருந்தது. பின்னால் இரண்டு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. மூடியிருந்தது அவருடையது மட்டும். இவ்வளவு புழுதியில் எவன் கண்ணாடியைத் திறந்து வைப்பான்? திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். டாக்டரம்மா முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷம் மூக்கால் பிழைத்தவருக்கு மற்றவர்கள் மூக்கைப் படிக்கத் தெரியாதா? காருக்குள் ஏதோ வாடை அடிக்கிறது. பலமாக அடிக்கிறது. என்ன வாடை?

கொடி பச்சையானது. லாரி நகர்ந்தது. தங்கை பின்தொடர்ந்தாள். தார் டிரம்முக்கு இருபதடி. கொடி மறுபடி சிவந்தது. லாரி நின்றது, தங்கையும் நின்றாள். பன்னிரண்டு அடி இருக்கும். நெருப்பின் சூடு மூடிய கண்ணாடி வழியாகக் கன்னத்தில் பட்டது.

கேட்டால் எல்லாம் போச்சு. கேட்காவிட்டால்? தீய்ந்த வாடையாக இருக்கலாம், பிரேக் சூடு. இனிப்பு வாடையாக இருக்கலாம். மாப்பிள்ளை வாந்தி எடுத்திருக்கலாம். இல்லையென்றால் அது, அவர் கையாலேயே நிரப்பிய அது.

"தங்கச்சி, உள்ள என்ன வாடை அடிக்குது?"

அவள் திரும்பினாள். "என்னையா கேக்கிற?"

"உன்னைத்தான். சொல்லு."

"நீயே சொல்லாம என்னைக் கேட்டா..."

"எனக்குத் தெரியலை! நாலு மாசமா எனக்கு ஒரு வாடையும் தெரியலை. என்ன வாடை, சீக்கிரம்!"

"பெட்ரோல்" என்று மூன்று குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

"எஞ்சினை நிறுத்து. ஹேண்ட் பிரேக்கை இழு. எல்லாரும் இறங்குங்க, மேல் பக்கமா நடங்க. போனைத் தொடாதீங்க!"

கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினார். காரிடம் ஓடவில்லை, நெருப்பிடம் ஓடினார். "அணைங்கய்யா! நெருப்பை அணைங்க, பெட்ரோல் ஒழுகுது!"

கொடிக்காரன் அவர் சீருடையைப் பார்த்தான். "பெட்ரோல் பங்க்குல நெருப்பை அணைக்கச் சொல்லலாம். நடுரோட்டுலயும் வந்து சொல்லுவியா?"

"மண்ணைப் போடுடா முதல்ல, அப்புறம் திட்டு!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, வேலைக்காரர் ஒருவர் மண்வெட்டியை எடுத்து மணலை அள்ளி வீசினார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். மூக்கர் கையாலேயே அள்ளிப் போட்டார். திரும்பிப் பார்த்தபோது தங்கை கணவரை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாளில் அவர் கால் வீங்கியிருக்கும். ஒரு கால் கீழே, ஒரு கால் உள்ளே, தடுமாறினார். மறுபக்கம் டாக்டரம்மா தோளைக் கொடுத்தார். மூன்று பேரும் மேட்டில் ஏற ஏற, அவர்கள் செருப்புச் சத்தத்தை மூக்கர் எண்ணிக்கொண்டே மணலை அள்ளினார். கடைசி விறகும் புகைந்து செத்தது.

அதன் பிறகுதான் அவர் தவழ்ந்து போய்க் காருக்கடியில் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் சாலை கறுப்பாக நனைந்திருந்தது. சொட்டு விழுந்துகொண்டிருந்தது. விரலில் தொட்டார், ஜில்லென்று உடனே காய்ந்தது. பழக்கத்தில் விரலை மூக்கருகே கொண்டுபோய், பிறகு கீழே இறக்கினார்.

மேலே வந்ததும் தங்கையைப் பார்க்காமல் கேட்டார். "வாடை வந்துச்சுன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"உன் சட்டைன்னு நெனைச்சேன்! இருபது வருஷமா நீ வீட்டுக்குள்ள வந்தாலே அந்த வாடைதானே வரும்? அதுவும் உன் கையாலேயே பெட்ரோல் போட்டுட்டு ஏறினே. அப்படியே வண்டிலதான் ஏதோன்னா, நீ சொல்லாம இருப்பியா?"

"நானும் அதான் நெனைச்சேன்" என்றார் டாக்டரம்மா. "வந்தவர்கிட்ட உங்க சட்டை நாறுதுன்னு எப்படிங்க சொல்றது?"

மாப்பிள்ளை கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எனக்கு உடம்பு முடியாத நாள்ல எல்லாமே பெட்ரோலாத்தான் மணக்கும். சரி மச்சான், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு கேள்விப்பட்டிருக்கேன். கழுதையைக் கூட்டிட்டு வந்தா கற்பூரம் வாங்கினோம்?"

யாரும் சிரிக்கவில்லை. தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு மாசம்னு சொன்னே."

"ஆமாம்."

"அப்ப அந்த ரெண்டாவது கார்? வெள்ளைக் கார்? அது நல்ல கார்தானே?"

மூக்கர் விரலைச் சட்டையில் துடைத்தார். அவள் கணவரின் புருவத்துத் தையலைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர்தான் மெல்லச் சொன்னார். "குழாய் ஒண்ணுதாம்மா. மெக்கானிக் இங்கயே வந்து மாத்திடுவாரு, ஒரு மணி நேர வேலை. கிளிப்பும் புதுசா போடச் சொல்லு. மத்தபடி நான் கையால தொட்டுப் பாத்தது எதுவும் பொய் இல்லை. இது நல்ல கார். நம்பிக்கை இல்லைன்னா, வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டு. நான் இருக்க மாட்டேன்."

வேறு ஒருவரைக் கூட்டி வந்து காட்டினாள். அவரும் அதையேதான் சொன்னார். கார் வாங்கியாயிற்று. அண்ணனோடு பதினோரு நாள் பேசவில்லை. வெள்ளைக் கார் இப்போது பக்கத்துத் தெருவில் யாருக்கோ ஜம்மென்று ஓடுகிறது. அது எதிரே வந்தால் மட்டும், "அண்ணா, உன் வெள்ளைக் கார்" என்று காட்டுவாள். எப்போதும் காட்டுவாள் என்றே தோன்றுகிறது.

மூக்கர் மறுநாள் மானேஜரிடம் உண்மையைச் சொன்னார். மானேஜர் அவரைக் குழாய்களுக்குத் தூரமாக, வைப்பரும் துடைக்கிற துணியும் விற்கிற கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். கார் பார்க்க யாராவது கூப்பிட்டால் இன்னமும் போகிறார். ஆனால் டேங்க்கை நிரப்பி, மேடு ஏற்றி, காருக்குள் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கிறார். "உங்களுக்கு என்ன வாடை வருது? வெக்கப்படாம சொல்லுங்க." காரைப் பார்ப்பதற்கு இதைவிடச் சரியான வழி கிடையாது. அதனால் கூப்பிடுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். சொல்கிறவர் வேண்டும் நமக்கு, கேட்கிறவர் எதற்கு?

வாரத்தில் மூன்று காலை, சாம்பல் கார் பங்க் வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறது. மூக்கர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, குனிந்து, பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். பிறகு ஜன்னலருகே வந்து நிற்கிறார். முன்சீட்டில் மாப்பிள்ளை, நாலு பேர் பார்க்கிற மாதிரி, மூக்கை நீட்டி நீளமாக இழுக்கிறார்.

"ஒண்ணும் இல்லை மச்சான். உங்க சட்டை மட்டும்தான்."

"கண்ணாடியை ஏத்துங்க, நேரமாச்சு" என்கிறாள் தங்கை.